அவர் பங்குச் சோறு

சட்டையைக் கழற்றி அவள் மடியில் போட்டுவிட்டு அவர் உள்ளே போனார், கதவு தானாகச் சாத்திக்கொண்டது. சட்டை, அதன் மேல் பனியன், பனியன் மேல் கைக்கடிகாரம், எல்லாவற்றுக்கும் மேலே செல்போன். கவிழ்த்துத்தான் கொடுத்தார். சாந்தாமணி அதைக் கவனிக்காமல் இருப்பாளா? இந்த ஒன்றரை வருஷமாக அவள் வேறெதைத்தான் கவனித்தாள். இருதய ஆஸ்பத்திரியின் மாடியில், வரிசையாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து, கதவின் பால் கண்ணாடியில் தெரிகிற நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு சின்னப் பெண் கையில் ரேசரோடு நின்றதையும் கதவு சாத்துவதற்குள் பார்த்துவிட்டாள். நெஞ்சு முடியை அங்கங்கே வழித்தால்தான் ஒயர் ஒட்டுமாம். "கொஞ்சம் ஷேவ் பண்ணிக்கலாமா அங்கிள்" என்று அந்தப் பெண் கேட்டதும் அங்கிள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். இழுக்க வயிறே இல்லை இப்போது, பழக்கதோஷம். அந்த நெஞ்சு முடியில் நரை எந்தப் பக்கம் முதலில் வந்தது என்று இந்தப் பெண்ணுக்குத் தெரியுமா? இடப்பக்கம். சாந்தாமணிக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, வழிக்கப் போகிறவள் இந்தப் பெண்தானே. சீ, பேத்தி வயசில்லாவிட்டாலும் மகள் வயசு, இதிலெல்லாமா வயிறு எரியும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். எரியத்தான் செய்தது. இதற்குள் மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது, மாவு மில்லில் பெல்ட் சுற்றுகிற மாதிரி ஒரு சத்தம், அதன் மேல் அவருடைய காலடி, தொப் தொப் என்று. ஓடுகிறாரா நடக்கிறாரா? முதலில் நடக்க விட்டு, போகப் போக வேகத்தைக் கூட்டி, மேடேறுகிற மாதிரி சாய்த்தும் விடுவார்களாம். நெஞ்சு எங்கே முரண்டு பிடிக்கிறதென்று அப்போது தெரிந்துவிடுமாம். சட்டையை எடுத்து மோந்து பார்த்தாள். பழைய வாசனை இல்லை. முன்பெல்லாம் மோட்டார் காயில் கட்டுகிற கடையிலிருந்து வந்தால் வார்னிஷும் வியர்வையுமாக ஒரு நெடி இருக்கும், இப்போது நெய் வாசனையா, வெண்ணெயா, என்ன கருமமோ. பிஸ்தா பச்சையில் இறுக்கமான சட்டை. அவள் எடுத்துக் கொடுத்ததல்ல. கல்யாணம் ஆன நாளாக அவருக்கு அவள்தான் சட்டை எடுப்பாள், அவள் எடுத்ததெல்லாம் இப்போது தொளதொளவென்று பீரோவில் தொங்குகின்றன.

எல்லாம் அந்த மிருணாளினியால் வந்தது. மிருணா மேடம் என்று அவர் சொல்கிறபோது அந்த 'மிரு'வில் நாக்கு ஒரு நொடி கூடுதலாக நிற்கிறது, அதை அவரால் மறைக்க முடியாது. சர்க்கரை ஏறிப்போய், முட்டி வலித்து, கடைக்குப் படியேற மூச்சு வாங்கி நின்றவரை யாரோ வாட்ஸப்பில் ஒரு குரூப்பில் சேர்த்துவிட்டார்கள். மாவுச்சத்தே ஆகாது, கறியும் முட்டையும் பன்னீரும் வெண்ணெயும் தின்று இளைக்கிற கூட்டம். கோயமுத்தூர்ப் பக்கத்து மிருணா மேடம்தான் அதற்குத் தலைவி. அவள் சொன்னதை நெஞ்சில் கைவைத்துக் கேட்டுக்கொண்டார், அன்று ராத்திரியே அறிவித்தும் விட்டார், "உன்ற சோறுதான் புள்ள என்னை இப்படி ஊத வெச்சுது. இனிமே எனக்குச் சோறு வேண்டாம்." உன்ற சோறு என்றார். இருபத்தைந்து வருஷம் நம்மூட்டுச் சோறாக இருந்தது ஒரே ராத்திரியில் உன்ற சோறாகிவிட்டது. சாந்தாமணிக்கு அடுப்படியில் பாதி நாடு போன மாதிரி இருந்தது. காலையில் டீயில் வெண்ணெயை உருட்டிப் போட்டுக் கலக்கிக் குடித்தார், பாதாமை எண்ணி எண்ணி வறுத்தார், ஆட்டுக்கறிக் கடைக்காரனுக்கும் அவருக்கும் தனிச் சிநேகிதம் உண்டானது. எடை இறங்கியது, அதைச் சொல்லத்தான் வேண்டும். சர்க்கரையும் இறங்கியது. கன்னம் ஒட்டி, தாடை தெரிந்து, பெண் பார்க்க வந்த அன்றைய சென்னியப்பன் மறுபடியும் திரும்பி வந்துவிட்டார். வந்தவர் யாரைப் பார்க்க வந்தார் என்பதுதான் தெரியவில்லை. குரூப்பில் பழைய போட்டோவும் புதிய போட்டோவும் பக்கத்தில் பக்கத்தில் போடுவார்களாம், அவரும் போட்டார், நூறு பேர் கைதட்டினார்கள். பழைய போட்டோ மகள் கல்யாணத்தில் எடுத்தது, அதில் அவர் பக்கத்தில் சாந்தாமணி நின்றிருந்தாள். வெட்டிவிட்டார். ஒழுங்காக வெட்டியிருந்தாலும் பரவாயில்லை, ஓரத்தில் அவளுடைய மாம்பழப் பட்டின் கரை மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு நின்றது. அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டு அவள் எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தாள். குண்டாக இருந்த சென்னியப்பன் வேண்டாதவர், அவரோடு சேர்த்து அவளும் வேண்டாதவள், பழைய பக்கத்து ஆள். புதிய போட்டோவுக்குக் கீழே மிருணா மேடம் எழுதியிருந்தாள், 'சூப்பர் சார், இப்பத்தான் நீங்க நீங்களா இருக்கீங்க.' அப்படியானால் இத்தனை வருஷம் சாந்தாமணியோடு குடும்பம் நடத்தியது யார்?

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. தொப் தொப் என்றது தடதடவென்றாகிவிட்டது. வேகத்தை ஏற்றிவிட்டார்கள். அவள் பனியனைச் சுருட்டினாள், விரித்தாள், மறுபடியும் சுருட்டினாள். ஒன்று மட்டும் அவள் விடவில்லை, அவர் பங்குச் சோறு. அவர் தின்னாவிட்டால் போகிறது, அவள் ஆக்குவாள். இரண்டு பேருக்குத்தான் அரிசி களைவாள், இரண்டு பேருக்குத்தான் உலை வைப்பாள். வீம்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஒரு ஆளுக்கு அரிசி போட்டால் அந்த நாளோடு தான் தனி ஆள் என்று அவள் கையே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அரிசியும் பருப்பும் ஒன்றாக வேகிற அரிசிம்பருப்பு செய்கிற அன்று வேண்டுமென்றே பூண்டும் சீரகமும் தூக்கலாகப் போட்டு, நெய்யில் தாளித்து, வாசனை முன்னறை வரைக்கும் போகட்டும் என்று கதவைத் திறந்து வைப்பாள். அவர் அங்கே முட்டையை உரித்துக்கொண்டிருப்பார், திரும்பியும் பார்க்க மாட்டார். கல் நெஞ்சு. ஆனால் சாயங்காலம் பார்த்தால் போசிப் பாத்திரத்தில் சோறு குறைந்திருக்கும். பாத்திரம் விளக்க வருகிற ரங்காத்தாள் எடுத்துப்போகிறாள் போலிருக்கிறது, எடுக்கட்டும், வயிற்றுக்குத்தானே என்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்கு வேறு காரணமும் உண்டு, அப்போது அவள் மனம் முழுக்க 'சீட்' என்ற ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டிருந்தது. மாடிப்படிக்குக் கீழே நின்று அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார், குரலைத் தாழ்த்தி, தப்பு செய்த பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. "இன்னைக்கும் சீட் பண்ணிட்டேனுங்க மேடம். மன்னிச்சுருங்க. மனசு கேக்க மாட்டேங்குது." சீட்டு கட்டுவதைச் சொல்கிறாரோ என்றுதான் முதலில் நினைத்தாள். சீட்டு கட்டியதற்கு மன்னிப்பு எதற்கு? பெங்களூரில் இருக்கிற மகளிடம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள். "சீட்டுன்னா ஏமாத்தறதும்மா. புருசன் பொண்டாட்டிக்குத் தெரியாம இன்னொருத்தியோட போனா, அதுக்குப் பேரு சீட் பண்றது. ஏம்மா, எந்த சீரியல்ல வந்துச்சு?" அவள் ஏதோ ஒரு சீரியல் பெயரைச் சொல்லி வைத்தாள். அதிலிருந்து அந்தச் சொல் தொண்டையில் சிக்கிய மீன் முள்ளாக நின்றுவிட்டது. ஏமாற்றுகிறார், சரி, யாரை, யாரோடு? மிருணாவோடு என்றால் மிருணாவிடமே எதற்கு மன்னிப்பு? அப்படியானால் மூன்றாவது ஒருத்தி இருக்கிறாள். மிருணாவையும் ஏமாற்றுகிற அளவுக்கு ஒருத்தி. அவள் யார், கறிக்கடைக்கு எதிர்வீட்டுக்காரியா, குரூப்பிலேயே இன்னொருத்தியா, என்ன நிறம், என்ன வயசு? ராத்திரியெல்லாம் அவளுக்கு முகம் வரைந்து வரைந்து சாந்தாமணி ஓய்ந்துபோனாள். சில நாட்கள் மிருணாமேல் இரக்கம்கூட வந்தது, பாவம், அவளும் நம்மைப்போல என்று. பிறகு அந்த இரக்கத்தின் மேலேயே எரிச்சல் வந்தது.

பேப்பரில் வந்ததை அவள்தான் அவர் கண்ணில் படுகிற மாதிரி மடித்து டீ டம்ளருக்கு அடியில் வைத்தாள். மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டிச் சாப்பிட்டால் நெஞ்சுக்கு ஆகாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். தலைப்பைப் படித்தபோது அவளுக்கு வந்தது பயமா சந்தோஷமா? இப்போது, இந்த நாற்காலியில், பொய் சொல்ல வேண்டாம், சந்தோஷம்தான் முதலில் வந்தது. பயம் பின்னாலேயே வந்தது, ஆனால் பின்னாலேதான் வந்தது. பிறகு ஒரு நாள் கடையில் லேசாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம், கடைப் பையன்கள் சொன்னார்கள், வாய்வு என்றார் அவர். அதற்கப்புறம்தான் இந்த டாக்டர். சோடாபுட்டிக் கண்ணாடியும் நிதானமான பேச்சுமாக ஒரு டாக்டர், இன்று காலையில் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "சர்க்கரை எறங்கியிருக்கு, எடை எறங்கியிருக்கு, சந்தோசம். கெட்ட கொழுப்பு ஏறியிருக்கு, அது சந்தோசமில்ல." சாந்தாமணி நாற்காலி நுனிக்கு வந்தாள். "அப்ப இந்தச் சாப்பாடு நெஞ்சுக்கு ஆகாதுங்களா டாக்டர்?" தன் குரலில் இருந்த ஆசை அவளுக்கே கேட்டது. டாக்டர் சிரித்தார். "ஒரே வார்த்தையில சொல்லீர முடியாதுங்கம்மா. ஆகாதுங்கறவங்களும் இருக்காங்க, ஒண்ணும் பண்ணாதுங்கறவங்களும் இருக்காங்க. சோத்தை எடுத்தது பெருசில்ல. எடுத்த எடத்துல எதைக் கொண்டுபோய் வெச்சீங்க, அதுதான் விசயம். காயி, பயறு, மீனுன்னு வெச்சா ஒரு மாதிரி, வெண்ணெயும் கறியுமா அடுக்குனா வேற மாதிரி." எடுத்த இடத்தில் எதை வைத்தீர்கள் என்று அவர் கேட்டது அவள் காதில் யாரை வைத்தீர்கள் என்றுதான் விழுந்தது. டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "இருக்கறதுலயே மோசம், அந்தப் பக்கம் வெண்ணெய், இந்தப் பக்கம் சோறுன்னு ரெண்டுலயும் கால் வெக்கறது. நெஜமாவே சோறு தொடறதில்லீங்களா?" "சத்தியமாத் தொடறதில்லீங்க டாக்டர்" என்றார் சென்னியப்பன், மேசையில் இருந்த பிளாஸ்டிக் இருதயத்தைப் பார்த்துக்கொண்டு. எவ்வளவு பெருமையாகச் சொல்கிறார் பார், தொடுவதில்லையாம், ஏதோ கள்ளைத் தொடுவதில்லை என்கிற மாதிரி. அந்த எரிச்சலில்தான் நினைவு வந்தது, விடிந்ததும் மாரியம்மன் கோயிலில் தான் வேண்டிக்கொண்டு வந்தது. ஆத்தா, பெருசா ஒண்ணும் வேண்டாம், கொஞ்சமா ஏதாச்சும் காட்டிரு, டாக்டர் பயப்படற அளவுக்கு வேண்டாம், இவரு பயப்படற அளவுக்கு. அவ்வளவுதான் கேட்டாள். ரிப்போர்ட்டில் கொஞ்சம் கோணல் வந்தால் போதும், மிருணா போய்விடுவாள், மூன்றாமவளும் போய்விடுவாள், மனுஷன் தட்டைக் கழுவிக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பி வருவார். ஆனால் கொஞ்சம் என்றால் ஆத்தாளுக்கு எவ்வளவு? சாமிக்கு நம் ஆழாக்கும் படியும் தெரியுமா? அவளுடைய அப்பன் மூன்று வேளையும் சோறு தின்றவர், வெண்ணெய் டீயைக் கண்ணால் பார்த்ததில்லை, மஞ்சள் மண்டியில் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அவருக்கும் முதல் நாள் கொஞ்சமாகத்தான் வலித்ததாம். தடதடவென்ற சத்தம் இப்போது குதிரை ஓடுகிற மாதிரி இருந்தது. போதும், நிறுத்துங்களேன், எதற்கு ஒரு மனுஷனை இப்படி விரட்டுகிறீர்கள் என்று எழுந்து கதவைத் தட்டலாமா என்று நினைத்தாள். எழவில்லை.

மடியில் செல்போன் உறுமியது. திருப்பினாள். திருப்பக்கூடாதுதான், திருப்பிவிட்டாள். பூட்டிய திரையிலேயே எழுத்து ஓடியது, மிருணா மேடம், 'டெஸ்ட் முடிஞ்சுதா சார்? மிசஸ்கிட்ட உண்மையைச் சொல்லிட்டீங்களா இல்லையா?' மிசஸ் என்றால் அவள்தான். உண்மை என்றால் எந்த உண்மை? ஊருக்கெல்லாம் தெரிந்த ஒரு உண்மை, வெட்டி எடுத்த போட்டோவுக்கு வெளியே நிற்கிறவளுக்கு மட்டும் தெரியாது. தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. அதற்குள் அதுவே அடிக்க ஆரம்பித்தது, மிருணா கூப்பிடுகிறாள். எடுத்தாள். "சார், ஏன் ரிப்ளையே காணோம்?" சின்னக் குரல், இவ்வளவு சின்னக் குரலா? "அவரு உள்ள இருக்காரு. நான் அவரு வீட்ல பேசறேன்." "ஐயோ, அக்கா, நீங்களா?" "எங்கிட்டச் சொல்லோணும்னு என்னமோ அனுப்பியிருந்தீங்களே. என்ன அது?" "அது வந்துங்க்கா... சார் திட்டுவாரு." "பரவால்ல, சொல்லுங்க." "வேற ஒண்ணுமில்லீங்க்கா. சார் சீட் பண்றாருங்க்கா." முள் தொண்டையில் திரும்பிக் குத்தியது. இத்தனை மாசமாகக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்த கேள்வி தானாக வாயில் வந்துவிட்டது. "யாரோட?" மிருணா ஒரு நொடி புரியாமல் விழித்திருக்க வேண்டும். "யாரோடயா? சோத்தோடதாங்க்கா. உங்க வீட்டுச் சோத்தோட." பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை, மடை திறந்துவிட்டது. "எங்க டயட்ல சாப்பிடக்கூடாததைச் சாப்பிட்டா சீட்டுன்னு சொல்லுவோங்க்கா. நீங்க மத்தியானம் படுத்துக் கண்ணசந்ததும் அடுப்படிக்குப் போயி நின்னுக்கிட்டே, தட்டுகூட இல்லாம, போசியோட திங்கறாராம். முடிச்சுட்டு எனக்கு மெசேஜு, மேடம் மன்னிச்சுருங்க, இன்னைக்கு வீட்ல அரிசிம்பருப்புன்னு. ஒருக்கா ரெண்டுக்கா இல்லீங்க்கா, கணக்கே இல்லை. வெண்ணெயும் அதும் சேந்தா நெஞ்சுக்கு ஆகாது சார், ஒண்ணு அதை விடுங்க, இல்ல எங்களை விடுங்க, மிசஸ்கிட்டச் சொல்லிச் சோறு வெக்க வேண்டாம்னாச்சும் சொல்லுங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். சொல்ல மாட்டேங்கறாரு. ஜம்பமா விட்டுட்டேன்னு சொல்லீட்டு இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றதுன்னு வெக்கப்படறாரு." மிருணா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்க வீட்டுக்காரரு நான் ஆக்குனதை ஒரு நாளும் இப்படித் திருடித் தின்னதில்லீங்க்கா" என்றாள். அந்தக் குரலில் இருந்தது என்னவென்று சாந்தாமணிக்குச் சொல்லித் தரவே வேண்டாம், அவள் அதில் ஒன்றரை வருஷம் குடியிருந்தவள். "வெச்சர்றேன் கண்ணு" என்று வைத்தாள்.

ரங்காத்தாள் இல்லை. எதிர்வீட்டுக்காரி இல்லை. ராத்திரியெல்லாம் அவள் முகம் வரைந்து வரைந்து பார்த்த அந்த மூன்றாமவள், மிருணாவையே ஏமாற்றிவிட்டு அவர் ஒளிந்து ஒளிந்து போய்ப் பார்த்தவள், சாந்தாமணிதான். பூண்டு மணக்கிற கையும் நைட்டி மேல் துண்டுமாக அவளேதான். கொள்ளை கொள்ளையாகச் சந்தோஷம் வந்தது, நாற்காலியில் உட்கார முடியவில்லை, பிஸ்தா பச்சைச் சட்டையை முகத்தில் அமுக்கிக்கொண்டு சிரித்தாள், எதிரே உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் அழுகிறாள் என்று நினைத்துத் தலையைத் திருப்பிக்கொண்டார். நின்றுகொண்டே தின்றாராமே, போசியோடு. ஊறுகாய் எடுத்துக்கொண்டாரா இல்லையா? எடுத்திருக்க மாட்டார், பாட்டில் மூடி சத்தம் போடும். அடடா, ஊறுகாய்கூட இல்லாமலா. நாளைக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது அடுப்பு மேடையிலேயே திறந்து வைத்துவிட வேண்டும், தெரியாத மாதிரி. தெரியாத மாதிரியே இன்னும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் தூங்குவாள், மத்தியானம் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கரண்டிச் சத்தத்துக்குக் காத்திருப்பாள். அப்போதுதான் மிருணா சொன்னதில் ஒரு துண்டு பின்தங்கி வந்து சேர்ந்தது, வெண்ணெயும் அதும் சேந்தா. டாக்டரும் அதைத்தான் சொன்னார், இருப்பதிலேயே மோசம் என்று. மிருணா வெண்ணெயைத்தான் ஊட்டினாள், சோற்றை ஊட்டியது யார்? நெய்யில் தாளித்து, வாசனை போகட்டும் என்று கதவைத் திறந்து வைத்தது யார்? அந்தச் சமயத்தில் உள்ளே சத்தம் நின்றது. மெல்லக் குறைந்து நிற்கவில்லை, சட்டென்று நின்றது.

கதவைத் திறந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். "ஆன்ட்டி, டாக்டர் உங்களையும் வரச் சொன்னாரு." அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், நெஞ்சில் வட்ட வட்டமாக வழித்த இடங்கள், அதில் பசை மினுங்கியது, மூச்சு இன்னும் அடங்கவில்லை. இளைத்தவர் இல்லை, சின்னதாகிவிட்டவர் மாதிரி இருந்தார். டாக்டர் நீளத் தாளை விரலால் தடவிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினார். "கடைசியில கொஞ்சம் மாற்றம் தெரியுதுங்க." கொஞ்சம். அவள் கேட்ட அதே சொல், கேட்ட அதே அளவு, ஆத்தாள் ஒரு அரிசிமணி கூடுதலாகவும் போடவில்லை, குறைவாகவும் போடவில்லை. "இதை மட்டும் வெச்சு முடிவு பண்ணீர முடியாது. ஆஞ்சியோ ஒண்ணு பாத்துக்கலாம். பயப்படாதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டுத் தாளை மடித்தார். "திருப்பித் திருப்பிக் கேக்கறேன்னு நெனைக்காதீங்க. மருந்து எழுதறதுக்குத் தெரியோணும். சாப்பாடு டயட்டு மட்டும்தானுங்களா?" "அது... ஆமாங்க. சோறு..." என்று இழுத்தார் சென்னியப்பன். இந்த முறை பார்ப்பதற்குப் பிளாஸ்டிக் இருதயம் இல்லை, அவர் தன் கால் பெருவிரலைப் பார்த்தார். அவளுக்குக் கிடைத்து இன்னும் உள்ளங்கைச் சூடுகூட ஏறாத ரகசியம். வாயை மூடிக்கொண்டிருந்தால் அது அவளுடையதாகவே இருக்கும், நாளைக்கு மத்தியானமும் போசி குறையும். இத்தனை மாசத்தில் அவர் அவளிடம் வந்த ஒரே வழி அது. சொன்னால் அடைந்துவிடும்.

"சோறு திங்கறாருங்க டாக்டர்" என்றாள். "வெண்ணெயும் திங்கறாரு, சோறும் திங்கறாரு, அனேகமாத் தெனமும். நாந்தான் அவரு பங்குன்னு ஆக்கி வெக்கறேன். தெரிஞ்சேதான் வெச்சேன்." தெரிந்தே என்பது பொய், ஆனால் அது நல்ல கனமாக, கையில் பிடிக்கத் தோதாக இருந்தது. அவர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். திருடன் மாட்டிக்கொண்ட முழி, அதற்குப் பின்னால் வேறொன்றும் இருந்தது, அதை அவள் ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை. "உனக்கெப்பப் புள்ள தெரியும்?" என்றார் மெதுவாக. "மொதல்ல இருந்தே" என்றாள் அவள். டாக்டர் பேனாவை எடுத்தார். "ரெண்டுல ஒண்ணு நிக்கோணுங்கம்மா. ஆஞ்சியோ பாத்துட்டு எது, எவ்வளவுன்னு நான் சொல்றேன். அதுவரைக்கும் வெண்ணெயும் வேண்டாம், அந்தத் திருட்டுச் சோறும் வேண்டாம்." "இன்னைக்கிருந்து அவரு பங்கு வெக்க மாட்டேனுங்க" என்றாள் சாந்தாமணி, சொல்லும்போது குரல் உடைந்தது, உடைந்தால் உடையட்டும் என்று விட்டுவிட்டாள். கையிலிருந்த சட்டையை உதறி அவர் தோளில் போட்டாள். அவர் கையை நுழைத்தபோது வழித்த இடத்தில் துணி உரசி முகம் சுளித்தார், அவள் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். உள்ளே திமுதிமுவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆத்தா, எனக்கு இவரு வேணும் என்று வேண்டிக்கொண்டாள். கொஞ்சம் என்ற சொல்லை இந்த முறை அவள் பக்கத்தில்கூட வரவிடவில்லை.